சீட்டுப் பையைத் தொங்கவிடலாமா, உட்கார வைக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவரின் உயரம் 5 அடி 2 அங்குலம். சிறிய ஃபிரேம் உள்ள ஹைபிரிட் சைக்கிள், 700சி சக்கரம், 38 மி.மீ. அகல டயர். மட்கார்டும் இல்லை, கேரியரும் இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் அத்தை, தான் பல வருடம் ஓட்டிய காரடைஸ் சீட்டுப் பையை (நெல்சன் லாங்ஃபிளாப்) இவருக்குக் கொடுத்துவிட்டார். சீட்டில் பை மாட்டும் வளையம் இல்லாததால், வார்களைச் சீட்டின் அடிக்கம்பிகளில் சுற்றிக் கட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார். பையின் அடிப்பக்கம் டயரில் உரசுகிறது, மிதிக்கும்போது தொடையின் பின்பக்கம் இடிக்கிறது, மேட்டில் எழுந்து மிதித்தால் ஆடுகிறது. இரண்டு மாதத்தில் 300 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஓட்ட வேண்டும். எதை வாங்கலாம், எப்படிக் கட்டலாம் என்று கேட்கிறார்.

முதலில் ஒரு வேண்டுகோள். பை சரியில்லை என்று மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். மெழுகு ஏற்றிய பருத்தித் துணியும் தோல் வாரும் கொண்ட அந்தப் பைகள், கவனித்துப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டு உழைப்பவை. வில்ஃப் காரடைஸ் என்பவர் 1932-இல் லங்காஷயரின் நெல்சன் என்ற நெசவாலை ஊரில் தைக்க ஆரம்பித்தது. உங்கள் பைக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பையில் பிழை இல்லை. அது பிறந்த காலத்துச் சைக்கிளுக்கும் உங்கள் சைக்கிளுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்தான் இந்த மூன்று தொல்லைக்கும் காரணம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். யாரையாவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் சீட்டில் உட்காருங்கள். மூன்றாவது ஆள் ஒருவர் சீட்டின் அடிக்கம்பிகளின் பின்முனையிலிருந்து டயரின் மேல்விளிம்பு வரை நேர்கீழாக அளக்கட்டும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது அளப்பது முக்கியம். சீட்டு கொஞ்சம் இறங்கும், தோல் சீட்டு என்றால் இன்னும் இறங்கும்.

உங்களுக்கு என்ன வரும் என்று என்னால் ஓரளவு இப்போதே சொல்ல முடியும். உங்கள் கால் உள்ளளவு (தொடையிடுக்கிலிருந்து தரை வரை) 72 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை ஏறத்தாழ 64 செ.மீ. வரும். சீட் போஸ்ட் சாய்ந்திருப்பதால் செங்குத்தாக 61 என்று கொள்ளலாம். அந்த நடு அச்சு தரையிலிருந்து 28 செ.மீ. ஆக, சீட்டின் மேற்பரப்பு தரையிலிருந்து 89. 700சி ரிம்மின் அளவு 622 மி.மீ., அதில் 38 டயர் ஏறினால் சக்கரத்தின் மொத்த உயரம் 70 செ.மீ.-ஐ ஒட்டி வந்துவிடும். மிச்சம் 19. அதில் சீட்டின் தடிமனுக்கு நாலைந்து போனால், கம்பிக்கும் டயருக்கும் நடுவே இருப்பது 14, 15 செ.மீ. மட்டும். உங்கள் பை நின்ற நிலையில் 20-ஐத் தாண்டும். இதே கணக்கை 84 செ.மீ. கால் உள்ளவருக்குப் போட்டால் இடைவெளி 24, 25 வரும். அவர் அதே பையை அப்படியே தொங்கவிட்டு ஓட்டிவிடுவார்.

ஃபிரேம் சிறியதானாலும் சக்கரம் சிறியதாவதில்லை. உயரம் குறைந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதும் இருப்பது இதனால்தான். பையைத் தூக்கிக் கட்டுங்கள், இறுக்கிக் கட்டுங்கள் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் எல்லாம் பெரும்பாலும் உயரமானவர்களாக இருப்பார்கள். 20 செ.மீ. பையை 15 செ.மீ. இடத்தில் தொங்கவிட எந்த வாராலும் முடியாது. அந்தப் பையை உட்கார வைக்க வேண்டும். அதற்குப் போவதற்கு முன்னால், பை எந்தெந்த இடத்தில் பிடிபட வேண்டும் என்பது தெளிவாக வேண்டும்.

குறுக்குவாட்டுச் சீட்டுப் பைக்கு மூன்று பிடிகள். மேலே இரண்டு வார்கள் சீட்டின் பின்பக்கத்தைப் பிடிக்கும். நடுவில் கீழே ஒரு வார் சீட் போஸ்ட்டைச் சுற்றும். (நம் பழைய கடைகளில் சீட் பில்லர் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.) மேல் வார்கள் இரண்டும் ஊஞ்சல் கயிறு மாதிரி. இரு கயிற்று ஊஞ்சல் பக்கவாட்டில் அதிகம் போகாது, முன்னும் பின்னும்தான் ஆடும். பையும் அப்படித்தான். முன்னால் வரும்போது தொடையில் இடிக்கும், பின்னால் போய்த் திரும்பும்போது சைக்கிளையே ஒரு இழு இழுக்கும். அந்த ஊஞ்சலை நிறுத்துவது மூன்றாவது வார். அது தளர்வாக இருந்தால், மேலே எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

மேல் வார்களுக்கு வருவோம். ப்ரூக்ஸ் பி17 போன்ற தோல் சீட்டுகளில் பின்பக்க இரும்புத் தகட்டிலேயே இரண்டு வளையம் வைத்துச் செய்திருப்பார்கள். பை மாட்டுவதற்கென்றே இருப்பவை அவை. நம் ஊர் பழைய சைக்கிள்களிலும் இது இருந்தது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்த காலத்தில், ஆங்கிலேய ரோட்ஸ்டர் வடிவம் அப்படியே இங்கு வந்தது. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டின் பின்னால் இரண்டு வாரில் ஒரு சின்ன டூல் பேக் தொங்கும். வீட்டில் தாத்தாவின் சைக்கிள் இருந்தால் சீட்டின் பின்பக்கம் தடவிப் பாருங்கள். பை போயிருக்கும், அது தொங்கிய இடம் இன்னும் இருக்கும்.

இன்றைய சீட்டுகளில் அந்த வளையம் கிடையாது. கம்பியில் மாட்டி முடுக்கும் தனி வளையங்கள் விற்கிறார்கள். வீவா என்ற பெயரில் வரும் ஜப்பானிய வளையம் பலரும் பயன்படுத்துவது. சாதாரண சீட்டுக் கம்பி 7 மி.மீ. உருண்டை. அதற்கு ஏற்ற கிளாம்ப் எதுவானாலும் பிடிக்கும். ஸ்டீல், டைட்டானியம் கம்பி என்றால் கவலையில்லை. கார்பன் கம்பி என்றால் அது பெரும்பாலும் 7-க்கு 9 என்ற முட்டை வடிவில் இருக்கும். அதில் எந்தக் கிளாம்பையும் போட்டு முடுக்காதீர்கள், கனமான பையையும் தொங்கவிடாதீர்கள். பயணத்துக்கென்று ஸ்டீல் கம்பி வைத்த இன்னொரு சீட்டு வைத்துக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பு.

வளையமே வேண்டாம், வாரைக் கம்பியிலேயே சுற்றுகிறேன் என்றாலும் செய்யலாம். ஆனால் வார் கம்பியின் வழுவழுப்பில் முன்னோக்கி நகரும், நகர்ந்தால் பை தொடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். பழைய டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, கம்பியின் பின்வளைவில் இறுக்கிச் சுற்றி, அதற்குப் பின்னால் வாரைப் போடுங்கள். வார் அதைத் தாண்டி நகராது. தோல் வாருக்கும் தேய்மானம் குறையும்.

இன்னொன்றையும் பாருங்கள். பைக்குள் மேல்விளிம்பில் ஒரு உருட்டுக் கட்டை குறுக்காக ஓடும். வார்கள் துணியைப் பிடித்துத் தொங்கக் கூடாது, துணியில் உள்ள துளை வழியாக உள்ளே போய் அந்தக் கட்டையைச் சுற்றி வெளியே வர வேண்டும். எடை முழுவதையும் கட்டை வாங்கி அகலமாகப் பரப்பிவிடும். கைமாறி வந்த பைகளில் இந்தக் கட்டை காணாமல் போயிருப்பதும், விரிசல் விட்டிருப்பதும் சகஜம். கட்டை இல்லாத பை நடுவில் தொய்ந்து, ஓரங்கள் இரண்டும் உள்ளே மடங்கி, நேராகத் தொடைக்கு வரும். தச்சரிடம் கேட்டால் அதே நீளத்துக்கு ஒரு தேக்குக் கட்டை சீவிக் கொடுத்துவிடுவார். உங்கள் அத்தை தனியாக எடுத்து வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

சரி, கீழே தாங்குவது. செலவு, இடம், சைக்கிளின் வகை மூன்றும் இதில்தான் வேறுபடும். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

காரடைஸே செய்யும் பேக்மேன் என்ற தாங்கி, சீட்டுக் கம்பிகளை ஒரு கிளாம்பால் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னும் கீழுமாக வளைந்து இறங்கும் ஒரு கம்பிச் சட்டம். பை அதன்மேல் சாய்ந்து உட்காரும். சீட் போஸ்ட்டிலிருந்து பையைக் கொஞ்சம் தள்ளி வைப்பதால் தொடை இடிப்பு உடனே நிற்கும். மேட்டில் ஆட்டமும் குறையும். நடுத்தர உயரமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பையின் எடை முழுவதும் அந்தக் கிளாம்பின் திருகுகளில்தான் நிற்கிறது, அவை அதிர்வில் தளரும். ஒருமுறை ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். இதே மாதிரி ஒரு தாங்கி, முதல் நாள் மாட்டிய பிறகு மறுபடி முடுக்காமல் விட்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மெழுகு கருகும் வாசனை வந்தது. நிறுத்திப் பார்த்தால் தாங்கி இறங்கி, பை டயரின்மேல் உட்கார்ந்திருந்தது. அடித்துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, மழைக்கோட்டின் ஓரமும் போயிருந்தது. சேலத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் கித்தான் ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார், இன்றுவரை அது பிரியவில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் பை சக்கரத்தில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இந்தப் பதிலில் திருகைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

உங்களுக்கு பேக்மேன் சரிவருமா? 15 செ.மீ. இடைவெளியில் தாங்கியும் வந்து, அதற்குக் கீழே டயருக்கு இடமும் விட்டால், பை கிட்டத்தட்ட மல்லாந்து படுத்தால்தான் முடியும். அரைப் பை நிரப்பினால் ஓடும். முழுப் பைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே நிறுவனத்தின் எஸ்.க்யூ.ஆர். என்ற முறை வேறு மாதிரி. சீட் போஸ்ட்டில் ஒரு கட்டியைப் பட்டை போட்டு முடுக்கிவிடுவார்கள். பையின் முதுகில் ஒரு கம்பிச் சட்டம் இருக்கும், அதைக் கட்டிக்குள் செருகினால் பூட்டிக்கொள்ளும். சீட்டில் வளையமே தேவையில்லை. விடுதியில் இறங்கியதும் ஒரு கையால் பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் ரிக்சன் அண்ட் கௌல் செய்யும் க்ளிக்ஃபிக்ஸ் மாட்டிகளும் இந்த இனம்தான். அலுவலகத்துக்குத் தினமும் பையோடு போய் வருபவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் ஃபிரேமுக்கு மேலே சீட் போஸ்ட் போதிய நீளம் வெளியே தெரிய வேண்டும், கார்பன் போஸ்ட்டில் போடக் கூடாது. சிறிய ஃபிரேமில் போஸ்ட் நீளமாக வெளியே தெரிந்தாலும், டயர் இடைவெளி அதே 15 தானே. அதனால் இதுவும் உங்களுக்கு இல்லை.

சீட் போஸ்ட்டையும் சீட்டுக் கம்பியையும் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் குட்டிக் கேரியர்கள் இருக்கின்றன. கனடாவின் ஆர்க்கெல் செய்யும் ராண்டனர் கேரியர் அந்த வகை. ஃபிரேமில் திருகுத் துளை எதுவும் இல்லாத ரோடு சைக்கிளுக்கு அது பெரிய வரம். உங்கள் சைக்கிளுக்கு அது தேவையில்லை, ஹைபிரிட் ஃபிரேம்களில் பெரும்பாலும் கேரியர் போடும் துளை இருக்கும்.

மட்கார்டின்மேல் பையை உட்கார வைக்கலாமே என்று கேட்பார்கள். பழைய ரோட்ஸ்டரின் கனத்த இரும்பு மட்கார்டு ஓரளவு தாங்கும். இப்போது வரும் பிளாஸ்டிக் மட்கார்டு நாலு ஸ்பீட் பிரேக்கரில் விரிசல் விட்டு, வளைந்து, டயரைத் தொடும். வேண்டாம்.

பைக்பேக்கிங் ஓட்டுபவர்கள் நீளமாக, வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டுப் பை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலாஸ்காவின் ரெவலேட், ஜெர்மனியின் ஆர்ட்லீப் போன்றவர்கள் செய்வது. அது சீட்டுக் கம்பியையும் போஸ்ட்டையும் பிடித்து ஆப்பு மாதிரி இறுகும், பையின் விறைப்புதான் அதற்குத் தாங்கி. தளர நிரப்பினால் நாய் வாலாட்டுவது போல ஆடும். அதற்கும் டயர் இடைவெளி வேண்டும், ஆகையால் உங்கள் நெல்சனை விற்று அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

உங்களுக்கு நான் சொல்வது சாதாரணக் கேரியர். சைக்கிள் கடையில் கிடைக்கும், பின் அச்சுப் பக்கத்துத் துளைகளிலும், சீட்டுக்கு அடியிலிருந்து இறங்கும் இரு குழாய்களிலும் திருகிப் போடும் அலுமினியக் கேரியர். வெளிநாட்டுத் தாங்கி எதையும் வரவழைத்து வரி கட்ட வேண்டியதில்லை. ஃபிரேமில் மேல் துளை இல்லையென்றால் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பி-கிளிப் போட்டு, உள்ளே ரப்பர் வைத்து முடுக்கலாம். கேரியரின் தளம் டயரிலிருந்து 3, 4 செ.மீ. மேலே இருந்தால் போதும். அதிக உயரம் வேண்டாம்.

இனி பையைக் கேரியரின்மேல், சீட்டுக்கு அடியில் இல்லாமல் சீட்டுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். பையின் மேல்விளிம்பு சீட்டுக் கம்பியைவிட உயரமாக நிற்கும், அதில் தவறில்லை. மேல் வார்கள் இப்போது எடையைத் தூக்காது. முன்னோக்கிக் கிடைமட்டமாக ஓடி, பையைச் சீட்டோடு சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. உங்கள் வார் அந்த நீளத்துக்கு எட்டவில்லை என்றால் செருப்புக் கடையில் அதே அகலத் தோலில் நீளமான வார் வெட்டி, பக்கிள் தைத்துத் தருவார்கள். மூன்றாவது வார் போஸ்ட்டுக்கு எட்டாது. அதைக் கேரியர் தளத்தின் முன் குறுக்குக் கம்பியில் சுற்றுங்கள். பையின் அடியைத் தளத்தோடு பிணைக்க, நடுவில் ஒரு ரப்பர் பட்டையோ வெல்க்ரோ பட்டையோ போடுங்கள். ஜிப் டை வேண்டாம், துணியை அறுக்கும். தளத்தின் கம்பிகள் பையின் அடியைத் தேய்க்காமல் இருக்க, பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி நடுவில் விரியுங்கள்.

இப்படி வைத்தால் பை ஒரு சாண் அளவு பின்னால் தள்ளிப் போகும். எடை பின்னால் போவது நல்லதல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது உண்மையும்தான். ஆனால் மூன்று நாலு கிலோ எடைக்கு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பை ஒரு சாண் பின்னால் இருப்பது, ஆடும் பை ஒரு சாண் முன்னால் இருப்பதைவிட எவ்வளவோ மேல். சைக்கிளைத் தள்ளாட வைப்பது எடையைவிட அதன் அசைவுதான். தொடை இடிப்பும் இதோடு தீர்ந்துவிடும். உங்கள் மூன்று தொல்லையும் ஒரே மாற்றத்தில் போகும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

குறுக்குவாட்டுப் பை சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் பைகளைவிடக் காற்றுக்கு நல்லது. உங்கள் உடம்பின் மறைவிலேயே அது இருந்துவிடும். கேரியர் வந்துவிட்டதே, பக்கப் பை மாட்டலாமே என்று ஆசை வரும். ஒரு நாள் பிரெவேக்கு அது வேண்டாம், பை பெரிதானால் சாமானும் பெரிதாகும்.

நிரப்பும் முறையும் மாட்டும் முறையின் ஒரு பகுதிதான். டியூப், டூல்கள், பவர் பேங்க் போன்ற கனமானவை அடியில், சீட் போஸ்ட் பக்கத்தில், நடுவில். உடை மாதிரி மெத்தென்ற சாமான் ஓரங்களில். பக்கப் பாக்கெட் இரண்டிலும் எடை சமமாக இருக்கட்டும். ஒன்றில் தண்ணீர் பாட்டில், இன்னொன்றில் பிஸ்கெட் என்றால் பை ஒரு பக்கம் இழுக்கும். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, மூடிக்கு அடியில். லாங்ஃபிளாப் என்ற பெயருக்குக் காரணமே அந்த மூடி நீண்டு விரிவதுதான். மேலே குவிந்திருக்கும் சாமானையும் மூடிக் கட்டலாம். ஆனால் குவியல் உயர உயர ஆட்டமும் கூடும், காலை உயர்த்தி சீட்டைத் தாண்டிப் போடுவதும் கடினமாகும். அந்த வசதியை வெயில் ஏறியதும் கழற்றும் ஜெர்சியை வைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பை பாதிதான் நிரம்பியிருந்தால் வார்களை இழுத்துச் சாமானை ஒரே கட்டாக்குங்கள். உள்ளே உருளும் சாமானும் ஆட்டம்தான்.

பின்விளக்கை மறந்துவிடாதீர்கள். 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் தருகிறார்கள், அதாவது இருட்டில் ஓட்டுவது நிச்சயம். சீட் போஸ்ட்டில் மாட்டிய விளக்கைப் பை முழுவதும் மறைத்துவிடும். மறைந்திருப்பது உங்களுக்குத் தெரியாது, பின்னால் வரும் லாரிக்காரருக்குத்தான் தெரியும். பையின் பின்பக்கம் விளக்கு மாட்டும் பட்டி இருந்தாலும் துணி தொய்ந்து விளக்கு தரையைப் பார்க்கும். கேரியரின் பின்முனையில் விளக்குத் தகடு இருந்தால் அதில் திருகிவிடுங்கள். இல்லாவிட்டால் பின் அச்சுக்கு இறங்கும் குழாயில், சாலையின் பக்கம் பார்க்கும்படி வலப்புறம் மாட்டுங்கள்.

பின் பிரேக்கையும் ஒருமுறை பாருங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பிரச்சினை இல்லை. வி-பிரேக் என்றால் கேரியரின் கால்கள் பிரேக் கைகளைத் தொடாமல் இருக்க வேண்டும். மேலே கேபிள் இழுத்துப் பிடிக்கும் பழைய கான்டிலீவர் பிரேக் என்றால், தொங்கும் வார் நுனி அந்தக் கேபிளில் மாட்டிக்கொள்ளக் கூடும். மிச்ச வார் நுனி எதுவானாலும் மடித்துச் செருகிவிடுங்கள்.

எல்லாம் கட்டியதும் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பின் டயரின் மேல்பரப்பில் சாக்பீஸ் தூளைத் தாராளமாகத் தடவுங்கள். பையில் பயணத்துக்கு உண்டான முழு எடையையும் வைத்து, தெருவில் இருக்கும் மோசமான ஸ்பீட் பிரேக்கரில் நாலைந்து முறை சீட்டில் உட்கார்ந்தபடியே ஏறி இறங்குங்கள். எழுந்து நின்று கொஞ்சம் பலமாக மிதித்தும் பாருங்கள். பிறகு இறங்கிப் பையின் அடியையும் வார் நுனிகளையும் பாருங்கள். எங்காவது வெள்ளையாக ஒட்டியிருந்தால் அந்த இடம் டயரைத் தொடுகிறது. துடைத்து, சரிசெய்து, மறுபடியும். மூன்று முறை சுத்தமாக வந்த பிறகுதான் நான் ஊரைத் தாண்டுவேன்.

அப்புறம் திருகுகள். கேரியரின் நான்கு திருகிலும் ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லுங்கள், அல்லது திருகு இளகாமல் பிடிக்கும் நீல நிறப் பசை ஒரு சொட்டு. கடையில் மாட்டி வாங்கிய அன்றே ஒரு சிறு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள், 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை. அந்த அளவு அலென் கீ பையின் அடியில் புதைந்திருக்கக் கூடாது, பக்கப் பாக்கெட்டில், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். கேரியர் திருகு ஒன்றும் நட்டு ஒன்றும் மிகையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரெவேயில் வழியில் வரும் ஒவ்வொரு கன்ட்ரோலிலும் (சோதனை நிலையத்தில்) அட்டையில் முத்திரை வாங்கியதும், டீ ஆறும் நேரத்தில், பையைக் கையால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். சைக்கிள் மொத்தமும் சேர்ந்து அசைந்தால் சரியாக இருக்கிறது. பை மட்டும் தனியாக அசைந்தால், அங்கேயே கீழிருந்து மேலாக, கேரியர் திருகு, அடிப்பட்டை, மேல் வார் என்று பார்த்து இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.